எல்லா எழுத்தும் ஒலிக்கும் ஊர்

சோல்வே ஹாகன் 1977 மார்ச் 9ஆம் நாள் மின்னசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில் பிறந்தார். தந்தை ஆர்னே, இரும்புத்தாது ஏற்றும் துறைமுகத்தில் இயந்திரம் இயக்கியவர். சோல்வே உள்ளூர்த் தொலைக்காட்சியில் வார இறுதி வானிலை சொல்லத் தொடங்கி, பின்னர் மாலை ஆறு மணிச் செய்தியை ஒன்பது ஆண்டுகள் வாசித்தார். 2011 ஆகஸ்டில் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகருக்கு, அதே ஆறு மணி நாற்காலிக்கு வந்து சேர்ந்தார்.

ஒரு நிலையத்தின் ஒளிபரப்பு எட்டும் வட்டாரத்தை இத்தொழிலில் 'சந்தை' என்பார்கள். சிறிய சந்தையிலிருந்து பெரிய சந்தைக்கு மாறுவது உயர்வுதான். ஆனால் பழைய ஊரில் ஈட்டிய புகழ் புதிய ஊரில் செல்லாது. டுலூத்தின் மளிகைக் கடைகளில் அவரை நிறுத்தி, நாளைக்குப் பனி விழுமா என்று கேட்பவர்கள் உண்டு. லெக்சிங்டனில் அவர் காசோலை நீட்டியபோது காசாளர் அடையாள அட்டை கேட்டார்.

பெயரும் இடறியது. அது நார்வே நாட்டுப் பெயர். இறுதியில் ஒரு 'க்' எழுதப்படும், ஒலிக்காது. செய்திப் பிரிவின் இயக்குநர் கார்லைல் பெட்டிக்ரூ முதல் வாரமே பேச்சை எடுத்தார்.

“இந்தப் பேரு இங்க யார் வாயிலயும் நுழையாதும்மா. சாலின்னு வெச்சுக்கலாம். சாலி ஹாகன். விளம்பரப் பலகைக்கும் எடுப்பா இருக்கும்.”

“டுலூத்துல மூணு வயசுக் கொழந்தைகூடச் சொல்லும், கார்லைல்.”

“அங்கதான் குளிருக்குப் பயந்து யாரும் வாயே தொறக்கமாட்டாங்களே!”

“தொறந்தா என் பேரைத்தான் சொல்லுவாங்க.”

கார்லைல் சிரித்தார், ஆயினும் விடவில்லை. “நவம்பர் பார்வையாளர் கணக்கு வரட்டும். நாப்பதாயிரம் வீட்டுக்குக் கீழ போச்சுன்னா நீ சாலி. சம்மதமா?”

“சம்மதம். மேல போச்சுன்னா நீங்களும் என் பேரை ஒழுங்காச் சொல்லணும்.”

செப்டம்பர் நடுவில் அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் குடிநீர்க் குழாய் வெடித்தது. சோல்வே கல்லூரியில் பிரெஞ்சு படித்தவர். பிரான்ஸில் அரண்மனைக்குப் பேர்போன நகரின் பெயரே அவ்வூருக்கும். ஆகவே அதைத் துளியும் தயங்காமல், பிரெஞ்சு ஒலிப்பில் அழகாக, “வெர்சாய்” என்று வாசித்தார். செய்தி முடியுமுன்பே நிலையத்தின் தொலைபேசிகள் அலறின. முடிந்ததும் ஒப்பனையைக்கூடக் கலைக்காமல் அவரே ஒன்றை எடுத்தார். பேசியவர் நெல்டா கூம்ஸ், அவ்வூரில் குதிரைத் தீவனக் கடை நடத்துபவர்.

“ஏன் கண்ணு, கொழாய் பிரான்ஸ்ல வெடிச்சா என் வீட்ல ஏன் தண்ணி வரல?”

“தப்பா சொல்லிட்டேன்னு தெரியுதும்மா. எப்படிச் சொல்லணும்?”

“வெர்சேல்ஸ். எழுதியிருக்கிற எழுத்தெல்லாம் வாய்விட்டுச் சொல்லுவோம். எங்களுக்கு எழுத்துப் பஞ்சமா என்ன? ஆமா, உன் பேரென்ன, சோல்விக்கா?”

“சோல்வே. கடைசி எழுத்தை எழுதுவோம், சொல்லமாட்டோம்.”

“அப்படிப் போடு! உன் பேர்ல முழுங்கின பழக்கத்துல எங்க ஊரையும் முழுங்கப் பாத்திருக்க.”

சோல்வே வாய்விட்டுச் சிரித்தார். இப்படிப் பிழை நேர்ந்தால், மறுநாள் செய்தியில் ஒரு வரி வருத்தத்தோடு முடித்துக்கொள்வது வழக்கம். அவருக்கு அது போதவில்லை. மறுநாள் செய்தியை நெல்டாவின் கடையிலிருந்தே நேரலையாக வாசிக்கப்போவதாக அறிவித்தார்.

“நேர்ல போனா கல்லால அடிப்பாங்க,” என்றார் கார்லைல்.

“தீவனக் கடையில கல்லு ஏது? மூட்டைதான்.”

மறுநாள் மாலை ஓட்ஸ் மூட்டைகளுக்கு நடுவே நின்று, நிமிர்ந்த தலையோடு அவர் சொன்னார்: “நேத்து இந்த ஊர்ப் பேரைத் தப்பா வாசிச்சேன். இது வெர்சேல்ஸ். நான் சோல்வே. இந்த ஊர்ப் பேருல ஒரு எழுத்தைக்கூட விடக்கூடாது. என் பேருல ஒண்ணை விட்டாகணும். நான் இதைப் பழகிக்கிறேன், நீங்க அதைப் பழகிக்கோங்க.”

பக்கத்தில் கைகட்டி நின்ற நெல்டா ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

“அதெல்லாம் இருக்கட்டும், சோல்வே. தண்ணி வந்துருச்சு. மொதல்ல அதைச் சொல்லு.”

அந்த வாரத்திலிருந்து ஊர் ஊராக அழைப்புகள் வந்தன. தத்தம் ஊர்ப் பெயரை எப்படி ஒலிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லித்தந்தவர்கள், ஏறக்குறைய அனைவருமே, அவர் பெயரையும் ஒருமுறை சொல்லிப்பார்த்துச் சரிதானா என்று கேட்டார்கள். சரியில்லையென்றால் சோல்வே விடவில்லை, மறுபடியும் சொல்லவைத்தார்.

2011 நவம்பர், மாலை ஆறு மணிச் செய்தி, நாள் சராசரி: 43,600 வீடுகள்.