பையில் இருந்த எழுத்து

தெய்வநாயகி அனுப்பம்பட்டுக்காரி. ஓர் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் பதினோரு வருஷமாக வேலை. யாரிடமும் சிரித்துப் பேசமாட்டாள்; கூட வேலை செய்பவர்களுக்கும் அவளைப் பிடிக்காது. ஏ குரூப் பிளாஸ்மா வந்தால், பி ரத்தத்தை எதிர்க்கும் வீரியம் அதில் எவ்வளவு என்று ஒவ்வொரு பையையும் சோதிப்பாள். குறைவாக இருந்தால் பி குரூப்காரருக்கு ஏற்றினாலும் ஆபத்து குறைவு; அதை அவசரத்துக்கென்று தனியே ஒதுக்குவாள். "வேலையத்த வேலை" என்று அவள் காதுபடவே சொல்வார்கள்.

ஒரு பங்குனிக் காலையில் லைட்ஹவுஸ் குப்பத்துச் செங்கல்வராயனைக் கொண்டுவந்தார்கள். ஃபைபர் படகின் இன்ஜின் விசிறி தொடையைக் கிழித்திருந்தது. வேன் சீட்டெல்லாம் ரத்தம். குரூப் பார்க்க நேரமில்லை. டாக்டர் ஓ குரூப் ரத்தத்தை ஏற்றச் சொன்னார். ரத்தப்போக்கு நிற்கப் பிளாஸ்மாவும் வேண்டும். எல்லோருக்கும் பொருந்தக்கூடிய ஏபி பிளாஸ்மா ஒரு பைகூட இல்லை. தான் ஒதுக்கிவைத்ததில், உருக்கித் தயாராக இருந்த ஏ பைகள் இரண்டை எடுத்துக்கொண்டு தெய்வநாயகி ஓடினாள். டாக்டர் ஏற்றச் சொன்னார்.

முதல் பை பாதி இறங்கியபோது தம்பி சிங்காரம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். கையில், அண்ணன் எப்போதோ ரத்ததானம் செய்து வாங்கிய அட்டை.

"எங்கண்ணன் பி குரூப்பு. பையில ஏ-னு போட்டுக்குது. ஆளைச் சாவடிக்கிறியா?"

"இது ரத்தம் இல்ல. ரத்தத்துல இருக்கிற மஞ்சத் தண்ணி. அவரு குரூப்பு இப்பதான் சோதனையில தெரிஞ்சுது. பி பை உருகுது, அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் இதுதான்."

"அது வரட்டும். இத்தக் கழட்டு."

"கழட்டினா அதுவரைக்கும் உங்கண்ணன் இருக்கமாட்டாரு."

அவன் குழாயைப் பிடுங்கக் கை நீட்டினான். அவள் குறுக்கே நின்றாள். ஒரே தள்ளு, கட்டில் கம்பியில் மோதிப் புருவம் கிழிந்தது. "இஸ்து வெளிய போடு அவள" என்று வாசலில் நின்ற கூட்டம் கத்தியது. செங்கல்வராயனின் மனைவி கஸ்தூரிதான் சிங்காரத்தின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரு. அதுக்கு இன்னும் மூச்சு இருக்குது. போச்சுன்னா அப்பால இவளப் பாத்துக்கலாம்."

ஆபரேஷன் நடந்தது. அதற்குள் பி பைகள் வந்து சேர்ந்தன. ஏற்றிய பிளாஸ்மா ரத்த அணுக்களை உடைத்தால் சிறுநீர் கறுக்கும். அடுத்த மூன்று நாளும் தெய்வநாயகி வார்டுக்குப் போய்ப் பார்த்தாள். சோதித்த பைதான், ஆனாலும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் போகும்போதெல்லாம் சிங்காரம் தரையில் துப்பினான். சிறுநீர் கறுக்கவில்லை. பதினெட்டாம் நாள் செங்கல்வராயன் ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போனான்.

சிங்காரம் கொடுத்த புகாரில் விசாரணை நடந்தது. அவளுடைய சோதனை நோட்டைப் பார்த்துவிட்டு, தவறில்லை என்று எழுதினார்கள். "தப்பிச்சது எங்கண்ணன் ஆயுசு. அவ போட்டது விஷம்தான்" என்று சிங்காரம் குப்பமெங்கும் சொன்னான்.

"குடும்பத்துக்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடும்மா, பிரச்சினை முடியும்" என்றார் மேலதிகாரி.

"நான் எதுக்கு சார் கேக்கணும்? நாலு தையல் என் புருவத்துல இருக்கு."

சிங்காரத்தின் மேல் அவள் கொடுத்த போலீஸ் புகாரைக் கஸ்தூரி வந்து கேட்டும் திரும்பப் பெறவில்லை.