காப்பு அவிழ்த்த பிறகும் சுற்றிய தலை

பட்டம் வாங்கிய கையோடு போலீஸ் தேர்வுக்கு உடம்பைத் தேற்றலாம் என்று செம்மல் முதலியார்பேட்டை ஜிம்முக்குப் போன அன்று, சுடர்விழி தலைக்கு மேல் பாரத்தைத் தூக்கி நின்றுகொண்டிருந்தாள். கம்பியைக் கீழே போட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண் இருட்டியிருக்கிறது. என்ன ஏதென்று கேட்ட செம்மலிடம், "காப்பு கட்டியிருக்குண்ணா. ஒரு வேளை சோறுதான், வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

மில் மூடியதிலிருந்து அவள் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை. மாநிலப் பளுதூக்கும் அணியில் இடம் கிடைத்தால் மகளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை நிச்சயம் என்று வீடே நம்பிக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் அம்மா அமிர்தவல்லி மகள் தீ மிதிப்பாள் என்று திரௌபதி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, அவளுக்குக் காப்பு கட்டி விரதம் இருக்க வைத்திருந்தாள். விரதத்தில் தலை சுற்றத்தான் செய்யும், தீமிதி முடிந்தால் சரியாகிவிடும் என்று ஜிம் மாஸ்டர் இராமதாஸும் சொல்லிவிட்டார். அவரும் வருஷா வருஷம் தீ மிதிக்கிறவர்.

தீமிதி முடிந்தது. காப்பை அவிழ்த்து, கறிச்சோறு தின்று, தெம்பாகத்தான் ஜிம்முக்கு வந்தாள். பாரம் தலைக்கு மேல் போனதும் மறுபடி அதே இருட்டு.

டாக்டரிடம் காட்டச் சொன்னான் செம்மல். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"விரதம் முடிஞ்சும் சுத்துதுன்னா எங்கம்மா என்னா நெனைக்கும்? எதனா கொறை வச்சிட்டோம், ஆத்தா ஏத்துக்கலன்னு ஒக்காந்து அழும். செலக்‌ஷன் முடியட்டும், நானே போறேன்."

மாஸ்டரிடமாவது சொல்லட்டுமா என்றான்.

"சொன்னீங்கன்னா உங்க மூஞ்சிலயே முழிக்க மாட்டேன். நீங்க டிகிரி படிச்சவரு, ஆயிரம் வேலைக்கு எழுதிப் போடலாம். எனக்கு இது ஒண்ணுதான்."

செம்மல் மாஸ்டரிடம் சொல்லவில்லை.

அணித் தேர்வு அன்று கம்பி மேலே போனது, முழங்கையும் நிமிர்ந்தது. நடுவர் கை காட்டுவதற்குள் அவள் கண் செருகிவிட்டது. அப்படியே பின்னால் சரிந்தாள். கம்பி வலது தோளில் இறங்கியது.

உடைந்த தோளுக்காகச் சேர்த்த ஆஸ்பத்திரியில்தான் இதயத்தையும் பார்த்தார்கள். பிறவியிலேயே வால்வு குறுகியிருந்ததாம். இனி எந்தப் பாரமும் தூக்கக் கூடாது என்றார்கள். அமிர்தவல்லி காதில் அது ஏறவே இல்லை.

"தீக்குழில எறங்கும்போது தயங்கினா. அப்பவே நெனச்சேன், ஆத்தா ஏத்துக்கலன்னு" என்று வார்டில் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள்.

சுடர்விழி தயங்கவில்லை. தீமிதி அன்று கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன்தான் செம்மல். அவன் வாயெடுத்தபோது, வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள். அம்மா சொல்வதைச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

வால்வு ஆபரேஷன் முடிந்துவிட்டது. இப்போது நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். வலது கை தோளுக்கு மேல் எழாது.