கருப்பிலிருந்து வராத முகம்

அந்தத் தொடரின் நாயகனை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. தலைமுடிகூடக் கலையாமல் உலகத்தைக் காப்பாற்றுகிறவனை எப்படிப் பிடிக்கும்? எனக்குப் பிடித்தவன் அவனுடைய எதிரிதான். ஒரு பாலத்தை இடித்து, ஊரையே ஆற்றில் விட்டவன். அவனுக்கு ரசிகர்கள் சேர்ந்துவிட்டதால் அவனை வைத்தே தனியாக ஒரு தொடர் எடுத்தார்கள். அதில் முகமூடியோடு அதே ஊருக்குத் திரும்பி வருவான். வாரம் ஒரு உயிரைக் காப்பாற்றுவான். ஊர்க்காரர்கள் குடிக்கத் தண்ணீர்கூடத் தர மாட்டார்கள். ஞாயிறு சாயங்காலம் கேபிளில் தமிழ் பேசிக்கொண்டு வருவான். காலேஜில் ஃபேஷன் டிசைன் படிக்கிற பெண் என்பதெல்லாம் மறந்து, டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

அவன் முகம் போட்ட டீ-சர்ட் ஆர்டர் வேலம்பாளையத்தில் எங்கள் பிரிண்டிங் பட்டறைக்கே வந்தது. அதே வாரம்தான் அண்ணனும் திரும்பி வந்தான்.

முன்பு ஒரு ஆர்டரில், சாயம் போட்ட துணியைச் சரியாக அலசுவதற்குள் அவசரப்பட்டு வாங்கி வந்துவிட்டான். ஏற்றுமதியான நாட்டில் முதல் துவையலிலேயே கருப்பு ஒழுகி, சரக்கு திரும்பி வந்தது. தப்பு சாயப்பட்டறைக்காரருடையது என்று அப்பாவிடம் பொய் சொன்னான். அப்பா போய்ச் சண்டை போட்டு, பல வருஷப் பழக்கத்தை முறித்துக்கொண்டு வந்தார். உண்மை தெரிந்ததிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை. பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வேலைக்குப் போய்விட்டான்.

"இந்த ஆர்டரை அண்ணனே பாக்கட்டுங்கப்பா" என்றேன்.

"பாக்கச் சொல்லு கண்ணு. நல்லபடியா முடிச்சா ஊட்டுக்குள்ள வந்து உக்காந்து சாப்புடட்டும்."

அண்ணன் அங்கேயேதான் நின்றான். "சரீங்கன்னு சொல்லு பாப்பா" என்றான், அவனும் என்னிடமே.

டிஸ்சார்ஜ் பிரிண்ட். இதில் கருப்பின் மேல் வெள்ளையைப் பூசுவதில்லை. பேஸ்ட்டே கருப்புச் சாயத்தைத் தின்று, அடியிலிருந்து முகத்தைக் கொண்டுவரும். அடிக்கும்போது வெறும் ஈரத் திட்டுதான். கியூரிங் மெஷினுக்குள் போய்ச் சூடுபட்டு வந்தால்தான் முகம் எழும். பழைய துணியில் சாம்பிள் போட்டபோது கண்கள், முகமூடி எல்லாம் அப்படியே எழுந்துவந்தன. நான் கத்திய கத்தலில் திருநெல்வேலிக்காரரான பிரிண்டிங் மாஸ்டர் காதைப் பொத்திக்கொண்டார்.

"இந்த மூஞ்சியப் பாத்து எவம்மா சட்டை வாங்குவான்?"

"அவன் திருந்தி வந்தவனுங்கண்ணா!"

"திருந்துனவனுக்கு எதுக்கு முகமூடிங்கேன்?"

அண்ணன் சிரித்துவிட்டான். வந்ததிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான்.

துணி கட்டிங் முடிந்து வந்த நாளில் கரண்ட் இல்லை. கியூரிங் மெஷினை இழுக்கிற ஜெனரேட்டர் எங்களிடம் கிடையாது. வழக்கமாக ஒரு பீஸ் அடித்து, மெஷினில் விட்டுப் பார்த்துத்தான் மீதியை எடுப்போம். ஆனால் கையால் அடிக்கிற டேபிளுக்குக் கரண்ட் எதற்கு?

"அடிச்சு வெச்சுக்கலாங்கண்ணா. கரண்ட் வந்ததும் உட்டுக்கலாம்" என்றான் அண்ணன். சாம்பிள்தான் வந்துவிட்டதே. மாஸ்டரும் சரி என்றார். வியர்வை துணியில் விழாமல் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அண்ணனே பேஸ்ட்டை வழிக்கிற ஸ்க்வீஜியை இழுத்தான். லாட் முழுவதும் அடித்தாயிற்று.

மத்தியானத்துக்கு மேல் கரண்ட் வந்தது. முதல் பீஸ் மெஷினின் அந்தப் பக்கம் வெளியே வந்தது. கருப்பு. அடுத்ததும் கருப்பு. மாஸ்டர் சூட்டை ஏற்றினார். துணி காந்தல் வாடை அடித்தது, முகம் வரவில்லை.

அப்பா சாயப்பட்டறைக்காரருக்குப் போன் போட்டார். சண்டைக்குப் பிறகு முதல் தடவை. அண்ணன் தானாகப் போய் மன்னிப்புக் கேட்டு, அவரிடமே சாயத்துக்குக் கொடுத்திருந்தான். ஸ்பீக்கரில் அவர் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"பையன் கால்ல உழுகாத கொறையா நின்னானுங்க. எதைப் போட்டாலும் போகாத கருப்பு வேணும், இன்னொருக்கா எங்கப்பா தலைகுனியக் கூடாதுன்னான். அதான் எந்தப் பேஸ்ட்டுக்கும் அசையாத சாயமாப் போட்டனுங்க. டிஸ்சார்ஜுக்குன்னு சொல்லவே இல்லீங்களே?"

மெஷின் மட்டும் ஒவ்வொரு கருப்பாகத் தள்ளிக்கொண்டிருந்தது. அப்பா போய் அதை நிறுத்தினார். பிறகு அண்ணனை நேராகப் பார்த்தார்.

"உள்ள வந்து சாப்ட்டுட்டுப் போ."

நேரடியாக அவனிடம் சொன்னது. அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து மடித்தான், டேபிள் ஓரத்தில் வைத்தான்.

"இல்லீங்கப்பா. பஸ் இருக்குதுங்க."

அம்மா தட்டு வைத்துவிட்டிருந்தாள். சோறு ஆறிப்போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிவியைப் போட்டேன். பாலம் இருந்த இடத்தில் அவன் தனியாக நின்றுகொண்டிருந்தான். "அந்த எழவை நிறுத்து கண்ணு" என்றாள் அம்மா. நிறுத்தினேன்.

அந்தத் துணிகள் டேபிள் துடைக்கிற வேஸ்ட்டாகக் கிடந்தன. ஒன்றை எடுத்து விரல் வைத்துத் தடவினேன். காய்ந்த பேஸ்ட்டில் புருவம் தட்டுப்பட்டது, மூக்கு, முகமூடியின் ஓரம். வெளிச்சத்தில் எப்படித் திருப்பிப் பிடித்தாலும் வெறும் கருப்பு.