பாதி வயலுக்குக் குப்பை

அண்ணன் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. செட்டியார்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் வயலுக்கு ஒரு டிராக்டர் நிறைய மாட்டுக்குப்பை வந்து நின்றது. அண்ணன் சொல்லி வைத்திருந்தானாம்.

ஓட்டி வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கை மட்டும் பெரிது. போன வருஷம் போலவே, குப்பையைத் தட்டுமுன் உள்ளே கையை விட்டு, பால் கவர், பிளாஸ்டிக் பை எல்லாம் பொறுக்கிச் சீட்டுக்கடியில் திணித்தார்.

“அண்ணன் இல்ல அண்ணாச்சி” என்றேன்.

“தெரியும்மா. மயானம் வரைக்கும் வந்தேன்ல.”

“வயலக் குத்தகைக்கு விட்டாச்சு. எடுத்தவரு யூரியாதான் போடுவாராம். இதத் திருப்பிக் கொண்டு போயிருங்க.”

“நானும் என் வயலுக்கு யூரியாதான் போடுதேன். குப்பை அடிக்கிற கிறுக்கன்னு ஒங்க அண்ணன எம்புட்டு கேலி பண்ணிருக்கேன்.”

“பொறவு ஏன் கொண்டாந்திய?”

“போன வருசம் பாதி வயலுக்குத்தான் அடிச்சான். மீதிய இந்த வருசம் அடிப்போம்னான்.”

அந்த மீதிப் பாதியில் குவியல் குவியலாகத் தட்டிவிட்டுப் போனார். நானே மண்வெட்டி எடுத்து விசிறினேன். அழுகை வந்தது, நிறுத்தவில்லை. குத்தகைக்காரர் வரப்பில் நின்று பார்த்துச் சிரித்தார்.

இப்போது வயல் முழுக்க யூரியாதான் விழுகிறது. விழும் என்று குப்பை தட்டிய அண்ணாச்சிக்கும் தெரியும். குப்பையையே நம்பாத மனுஷன் அன்றைக்கு எதற்காக அதை ஏற்றி வந்தார் என்று எனக்குப் புரியவில்லை. அண்ணனிடம் கேட்டால் சொல்லியிருப்பான்.