நவூருக்காரருக்கு இரஞ்சிதம் கொடுத்த மீன்

இரஞ்சிதம் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள். 1976இல் மெல்பேர்னில் நல்ல தேங்காய்க்கு எங்கே போவது? காய்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுநீரில் ஊறப்போட்டு, துணியில் கட்டி, இரண்டு கைகளாலும் முறுக்கினாள்.

நகரின் வடக்கே கோபர்க்கில் இருந்த அந்தப் பழைய வீட்டில், சிகிச்சைக்காகப் பசிபிக் தீவுகளிலிருந்து வருபவர்கள் தங்குவார்கள். நான் அங்கே தாதி, இரஞ்சிதத்துக்கு 'மிசியக்கா'. அவள் சமையல். யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரி. வெள்ளிக்கிழமை மீன் தொடமாட்டேன் என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தாள். அதனால் வெள்ளிதோறும் எல்லோருக்கும் பருப்பும் மரக்கறியும்தான்.

ஜேக்கப் நவூருவிலிருந்து வந்த கிழவர். சீனி வருத்தத்தால் கால்விரல் ஒன்றை எடுத்திருந்தார்கள். புண் ஆறிவிட்டது, ஆனால் அவர் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருடைய பேத்திக்கு முதலாவது பிறந்தநாள். அந்தத் தீவில் அது ஊரே திரளும் கொண்டாட்டம். சனிக்கிழமை விமானம். எழுந்தால் தலைசுற்றி விழுகிற மனிதரை ஏற்றமுடியாது, சனி காலை வந்து பார்த்துத்தான் விடுவேன் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை ஜேக்கப்பிடம், சாப்பிட என்னதான் வேண்டும் என்று கேட்டதற்கு, தேங்காய்ப்பாலில் மீன் என்றார்.

"அது எங்கட சொதிதானே!" என்று இரஞ்சிதம் மஞ்சளும் பச்சைமிளகாயும் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். அவர் கரண்டியால் கிண்டிப் பார்த்தார்.

"மகள், இந்த மீனை நீ ரெண்டாந்தரமும் கொன்றுபோட்டாய்," என்றார் ஆங்கிலத்தில்.

"கேட்டியளே மிசியக்கா? என்ர சொதியைப் பழுது சொன்ன முதல் ஆள் இவர்தான்!"

அவருக்கு வேண்டியது வேகாத மீன். எலுமிச்சம்புளியில் ஊறி, மேலே தேங்காய்ப்பால். சொல்லத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. வெளியே மழை. இரஞ்சிதம் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றுவிட்டாள்.

தீவைச் சுற்றி ஒரே தெரு. காலையில் காரில் புறப்பட்டால் சற்று நேரத்தில் புறப்பட்ட வாசலுக்கே வந்துவிடலாம். ஆறு கிடையாது. கரையை விட்டதும் கடல் ஆழமாகிவிடும், கப்பல்கள் தள்ளித்தான் நிற்கும். நடுத்தீவில் உரமண்ணை அள்ளிப் போனபின் சாம்பல்நிறக் கற்கள் பல்லுப் பல்லாக நிற்கின்றன; நிலவில் அவை ஆட்கள் கூடியிருப்பது போலத் தெரியுமாம். அந்தக் கற்களுக்கு அப்பால், தென்னை சூழ ஒரு குளம். பெரிய கடற்பறவைகளைப் பிடித்துப் பழக்குவார்கள். அவிழ்த்துவிட்டாலும் சுற்றிப் பறந்துவிட்டுத் தங்கள் கம்புக்கே திரும்புமாம்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மழைச்சத்தம் கொஞ்சநேரம் கடலாகவே கேட்டது.

மறுநாள் வெள்ளி. காலையில் மீன் வாங்கிவந்து நின்றாள் இரஞ்சிதம். நான் செவுளையும் கண்ணையும் பார்த்தேன், மணந்து பார்த்தேன். புதியது. சரி என்றேன்.

டிராமில் வேலைசெய்யும் அவள் கணவர் சிவபாலன் சாப்பிட வந்தவர் திகைத்துப்போனார்.

"வெள்ளிக்கிழமையில மீனோ? அதுவும் பச்சையா? ஆருக்கு, பூனைக்கோ?"

"பூனை இப்பதானே சாப்பிட வந்திருக்கு. உங்களுக்குப் பருப்பு அங்கால கிடக்கு."

"சாமி பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறார்!"

"பாக்கட்டும். குசினிக்குள்ள கொண்டுபோகேல்லை. உடுப்புத் தோய்க்கிற தொட்டியிலதான் வெட்டுறன். அந்த மனுசன் நாளைக்குப் போகவேணும்."

வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எலுமிச்சம்புளியில் மீன் வெளுத்ததும் பாலை ஊற்றி அவளே கொண்டுபோனாள். ஜேக்கப் முதல் வாயை நெடுநேரம் மென்றார். பிறகு கோப்பையைச் சாய்த்துப் பாலையும் குடித்தார்.

"உப்புக் காணாது," என்றார்.

"அங்க கடல்ல அள்ளிப் போடச் சொல்லுங்கோ," என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போனாள். இரவும் அதையே கேட்டுச் சாப்பிட்டார்.

சனி காலை டொக்டர் அவரை முற்றம்வரை நடக்கவிட்டார். விழவில்லை. போகலாம் என்றார். நான் காலுக்குப் புதுக்கட்டுப் போட்டு, சப்பாத்தை மாட்டி, டாக்சியில் ஏற்றினேன். இரஞ்சிதம் வழியனுப்ப வரவில்லை. தலைமுழுகிய ஈரக்கூந்தலோடு, மஞ்சள்தண்ணீர் ஊற்றித் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்து முடித்து, சிவபாலனுடைய டிராம் சட்டைகளை அதில் ஊறப்போட்டாள்.