ஞாயிற்றுக்கிழமை வெடிக்காத பீரங்கி

எடின்பரோ கோட்டையில் பகல் ஒரு மணிக்கு ஒரு பீரங்கி வெடிக்கும். 1861ஆம் ஆண்டு தொடங்கிய வழக்கம். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்காரர்கள் தங்கள் கடிகாரங்களைச் சரிசெய்துகொள்வதற்காக ஏற்படுத்தியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே, எதிரே கால்டன் குன்றின் உச்சியில் ஒரு பெரிய உருண்டையை ஒரு மணிக்குக் கீழே இறக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மூடுபனி விழும் நாட்களில் உருண்டை கண்ணுக்குத் தெரியாது என்பதால் சத்தத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். இன்று எந்தக் கப்பலுக்கும் அந்தச் சத்தம் தேவையில்லை. சுற்றுலா வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு படம் எடுப்பதற்காக வெடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெடிக்காது.

இதையெல்லாம் நான் அஜ்மானுக்கும் துபாய்க்கும் இடையில் ஓடும் பேருந்தில் உட்கார்ந்து படித்தேன். எடின்பரோவை நான் பார்த்ததில்லை.

துபாயில், அல் கூஸில், கிடங்குகளுக்கு நடுவே ஒரு கட்டடம். கீழே கார்கோ, மேலே டிராவல்ஸ். இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. இராமநாதபுரம் கடற்கரைக்காரர். அவரை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். மேல்மாடியில் பயணத் திட்டம் எழுதுவது என் வேலை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இங்கே வெயிலில் நிற்க முடியாது. வசதி உள்ளவர்கள் குளிர்ந்த ஊராகப் பார்த்துக் கிளம்பிவிடுவார்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் தமிழ் வியாபாரக் குடும்பங்கள். லண்டனும் சுவிட்சர்லாந்தும் பார்த்து முடித்தவர்கள், "வேற என்ன ஊரு இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தபோது எடின்பரோ வந்தது.

மற்ற ஊர்களுக்கு நான் ஒரு பக்கம் எழுதினால் இந்த ஊருக்கு எட்டுப் பக்கம் எழுதினேன். ஷார்ஜா புத்தகக் கண்காட்சியில் கிடைத்த பழைய பயண நூல்கள், தெரு வரைபடங்கள், கோட்டையின் வரலாறு என்று எதையும் விடவில்லை. ராயல் மைல் தெருவிலிருந்து இருபுறமும் பிரியும் சந்துகளை வரிசை மாறாமல் சொல்வேன். பள்ளத்துக்கு அப்பால் இருக்கும் "புதிய ஊர்" 1767இல் திட்டம் போட்டது, நம் ஊரில் அதைப் புதியது என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று அடிக்குறிப்பு எழுதுவேன். பல்கலைக்கழகத்துப் பக்கம் பள்ளிவாசல், அதை ஒட்டிய சாப்பாட்டுக்கடை, மழை வந்தால் ஒதுங்க அருங்காட்சியகம் எல்லாம் அதில் இருக்கும். ஆண்டு போடாமல் எதையும் எழுதி எனக்குப் பழக்கமில்லை. அதனால் அலுவலகத்தில் என் பெயரே ஹிஸ்டரி ஆகிவிட்டது.

ஒரு ரமலானில், நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது பாய் எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"ஹிஸ்டரி, இந்த ஆகஸ்ட்டுல எடின்பரோ குரூப்போட நீங்களே போயிட்டு வாங்க. எத்தனை வருஷமா பேப்பர்லயே அந்த ஊரைச் சுத்துவீங்க? காலுக்கும் கொஞ்சம் வேலை குடுப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வார இறுதியிலேயே அஜ்மானில் ஒரு கடையில் தலைமூடி வைத்த கருநீல மழைக்கோட்டு ஒன்று வாங்கினேன். கடைக்காரர், "சார், இதைப் போட்டுக்கிட்டு எங்க நனையப் போறீங்க?" என்றார். வீட்டில் என் மனைவி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "போட்டுக்கிட்டு ஏசிக்கு முன்னாடி நில்லுங்க, போய்ட்டு வந்த மாதிரியே இருக்கும்" என்றாள்.

ஜூலையில் பாய் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். உள்ளே அவருடைய மச்சினர் உட்கார்ந்திருந்தார். கத்தாரில், தோஹாவின் நஜ்மா பகுதியில், பல வருடம் கடை வைத்திருந்தவர். கடையை மூடிவிட்டு அக்காவின் வீட்டுக்கு வந்திருந்தார்.

"இவன் தொழில் பழகணும், ஹிஸ்டரி. குரூப்போட ஒரு தடவை போனாத்தான் பழகும். இவன் பாஸ்போர்ட்டுல யூகே விசா வேற ஏற்கனவே இருக்கு. உங்களுக்கு இனிமே போட்டு, அது வந்து... டைம் மாஃபி, நேரமே இல்ல."

"ரமலான்லயே சொன்னீங்களே பாய். அப்பவே போடலாமான்னு கேட்டேன். பொறுங்கன்னீங்க."

"சொன்னேன். இப்பவும் இல்லேங்கலையே. அடுத்த வருஷம் நீங்கதான். கலாஸ், பேச்சு முடிஞ்சுது." பிறகு, நான் எழுந்து கதவுவரை போனதும், "ஆமா, மழைக்கோட்டு ஒண்ணு புதுசா வாங்கி வச்சிருக்கீங்களாமே? இவனுக்குக் குடுத்து விடுங்களேன். இங்க தேடினா கிடைக்க மாட்டேங்குது" என்றார்.

கொடுத்தேன். எட்டுப் பக்கத் திட்டத்தையும் கொடுத்தேன்.

எமிரேட்ஸில் வாட்ஸ்அப்பில் பேச முடியாது. குரலைப் பதிவு செய்து அனுப்பலாம். மச்சினர் எடின்பரோவில் இறங்கிய நாளிலிருந்து அப்படி அனுப்பத் தொடங்கினார். அங்கே அவர்கள் சாப்பிட்டுவிட்டு ஊர் சுற்றும் நேரம், இங்கே நான் அஜ்மான் பேருந்தில் ஷார்ஜா நெரிசலில் நின்றுகொண்டிருக்கும் நேரம்.

"சார், ஒரு நாய் சிலைகிட்ட நிக்கிறோம். எல்லாரும் அதோட மூக்கைத் தடவுறாங்க. நாங்களும் தடவலாமா?"

நான் போனை வாயருகே வைத்துச் சொன்னேன்: "தடவ வேணாம். அது அந்த ஊர் வழக்கம் இல்ல, டூரிஸ்ட்டுங்க கிளப்பிவிட்டது. தடவித் தடவிப் பூச்சே போயிருச்சு. எஜமான் செத்த பிறகு கல்லறையை விட்டு நகராம கிடந்த நாய்னு சொல்லுவாங்க. கதையில பாதி சேர்த்துவிட்டதுன்னு சொல்றவங்களும் உண்டு. நாய் செத்தது 1872. சிலை வச்சது மறு வருஷம்."

பக்கத்து இருக்கையில் சைட் வேலை முடிந்து வந்த ஒருவர், பெரம்பலூர்ப் பேச்சு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, யாரு வீட்டு நாய்ண்ணே?"

"ஸ்காட்லாந்துல ஒரு நாய்."

"செத்துப்போச்சா?"

"ரொம்ப வருஷம் ஆச்சு."

"அட போங்கண்ணே. நான் என்னமோன்னு பயந்துட்டேன்" என்று சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மச்சினரிடமிருந்து ஒரு காணொளி வந்தது. என் குரலை அவர் போனில் சத்தமாக வைத்து, குழுவின் நடுவே கையை உயர்த்திப் பிடித்திருந்தார். சுற்றி நின்றவர்கள் போனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் அந்தக் கறுத்த கல் வீடுகள், தூறல், ஈரத் தரை. என் மழைக்கோட்டு நனைந்திருந்தது. என் குரல், "நாய் செத்தது 1872" என்று அந்தத் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் காணொளியை நான் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

பீரங்கியை நான் சனிக்கிழமைக்குப் போட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. மாலை நான்கு மணி தாண்டியிருக்கும், அங்கே ஒரு மணி. போனில் அவருடைய பதிவு வந்தது.

"சார், ஒரு மணி ஆயிருச்சு. பீரங்கி எங்க சார்? எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டு மழையில நிக்கிறாங்க."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. இன்னிக்கு வெடிக்காது. நேத்துன்னுதானே எழுதியிருந்தேன்?"

"நேத்து லீவு நாள், கோட்டையில கூட்டம் நெருக்கும்னு ஷாப்பிங்கை நேத்தைக்கு மாத்திட்டேன் சார். ஞாயித்துக்கிழமை வேலை நாள்தானே, பீரங்கிக்காரனும் டூட்டிக்கு வந்துருவான்னு நெனச்சேன்."

இந்தத் தவறு எனக்குப் புரிந்தது. கத்தாரில் இன்றும் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிறு காலையில்தான் கடைத்தெரு சோம்பல் முறித்து எழும். 2022 வரை எமிரேட்ஸிலும் அப்படித்தான். வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு ஞாயிறு என்றால் உடம்பு தானாக டூட்டிக்குக் கிளம்பும். உலகத்தில் மற்றவர்களுக்கு அது ஓய்வு நாள் என்பதை யோசித்துத்தான் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். அவர்மேல் எனக்கு அப்போது கோபம்கூட வரவில்லை.

அடுத்த பதிவு வந்தது. அதில் என்னிடம் அவர் எதுவும் பேசவில்லை. பதிவை நிறுத்த மறந்து போனைப் பையில் போட்டிருக்க வேண்டும். துணி உரசும் சத்தம், என் கோட்டுப் பையின் சத்தம். பிறகு ஒரு பெண் குரல், "என்னவாம்? வெடிக்குமா வெடிக்காதா?"

"வெடிக்காதாம் லாத்தா. துபாய் ஆபீஸ்ல ஒருத்தர் எழுதிக் குடுத்தாரு. கிழமையை மாத்திப் போட்டுட்டாரு. நான் என்ன செய்ய?"

"படிச்சவுகதானே?"

"படிச்சவர்தான். அதான் பிரச்சினை."

சிரிப்புச் சத்தம். பதிவு அங்கே முடிந்தது. என் மனைவி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, "திட்டுனது உங்களையா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மறுபடி நறுக்கினாள்.

அவர்கள் திரும்பி வந்து ஒரு வாரம் கழித்து, குழுவில் போன, அந்தப் பதிவில் குரல் கேட்ட அம்மாள் கணவரோடு அலுவலகத்துக்கு வந்தார், உம்ராவுக்கு டிக்கெட் போட. நான் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கதானா அந்த வாய்ஸு? நாய்க் கதையெல்லாம் நல்லாத்தான் சொன்னீங்க. அந்தப் பீரங்கிதான்... கிழமை பாத்து எழுதப்படாதா தம்பி? அவ்வளவு மழையில நின்னோம்."

பாய் பக்கத்திலேயே நின்றார். பீரங்கி வெடிக்காத அந்த ஞாயிற்றுக்கு மறுநாளே என்னுடைய மூலத் திட்டத்தை எடுத்துப் போய் அவரிடம் காட்டியிருந்தேன். சனிக்கிழமை என்று கொட்டை எழுத்தில் இருந்ததை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்திருந்தார். மச்சினர் மூலையில் பாஸ்போர்ட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பாயைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன்.

சொன்னார். "மனுஷன்தானே லாத்தா, தப்பு வர்றதுதான். பெருசா எடுத்துக்காதீங்க. அடுத்த தடவை கவனமா எழுதுவாரு."

எனக்காக மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மாளும் பெருந்தன்மையாக மன்னித்தார். எனக்கென்று ஸ்காட்லாந்து பிஸ்கட் டப்பா ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூடியில் கோட்டைப் படம்.

அவர்கள் போனதும் கேட்டேன். "அடுத்த வருஷம் நான் போறேனா பாய்?"

பாய் யோசிக்கவே இல்லை. "நீங்க போயிட்டா இங்கேருந்து யாரு வாய்ஸ் அனுப்புறது? அங்க போய் நிக்கிறதுக்கு யாரு வேணா போதும், ஹிஸ்டரி. இங்கதான் ஆளு வேணும்."

அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். என் தோளில் தட்டவும் செய்தார். நான் அந்த ஊரைப் படித்த ஒவ்வொரு பக்கமும் என்னை இந்த நாற்காலியில் இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்றுமே தெரியாதவனாக இருந்திருந்தால் என்னை அனுப்பியிருப்பார்கள்.

மழைக்கோட்டு திரும்பி வந்தது. ஈரத்தோடு மடித்து வைத்ததில் பூஞ்சை வாடை. பையில் கோட்டைக்குள் கொடுக்கும் வழிகாட்டி வரைபடம் ஒன்று இருந்தது. மடிப்புக்கூடப் பிரியவில்லை.

இந்த ஆகஸ்ட்டிலும் குழு போயிருக்கிறது. மச்சினர் இப்போது தேறிவிட்டார். வாடிக்கையாளர்களுக்கு அவரைப் பிடிக்கிறது. பீரங்கியைச் சனிக்கிழமையே காட்டிவிட்டார். நேற்று மாலை வழக்கம்போல நான் பேருந்தில் இருந்தபோது அவருடைய பதிவு வந்தது.

"சார், கோட்டைக்குள்ள உச்சியில குட்டியா ஒரு தேவாலயம் இருக்கு. இது எப்பக் கட்டினது? கேக்குறாங்க."

பன்னிரண்டாம் நூற்றாண்டு. ஓர் அரசன் தன் தாயின் நினைவாகக் கட்டியது. அந்த நகரத்திலேயே இன்று நிற்கும் மிகப் பழைய கட்டடம். இடையில் அது தேவாலயம் என்பதையே மறந்து வெடிமருந்துக் கிடங்காக வைத்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் மறுபடி அடையாளம் கண்டார்கள். எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. பொத்தானை அழுத்தினேன்.

"ரொம்பப் பழசு" என்றேன்.

பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். உடனே பதில் வந்தது.

"சூப்பர் சார். இப்படிச் சுருக்கமாச் சொன்னா நல்லா இருக்கு. போன வருஷம் வருஷக் கணக்காவே சொல்லிட்டு இருந்தீங்க, யாருக்கும் மனசுல நிக்கல."

அவருக்குப் பின்னால் ஒரு குரல், "என்னவாம்?" என்று கேட்டது. "ரொம்பப் பழசாம்" என்று இன்னொரு குரல் சொன்னது. "அப்படியா!" என்றார்கள். பிறகு எல்லோரும் அடுத்த இடத்துக்கு நகரும் காலடிச் சத்தம் கேட்டது. எங்கள் பேருந்து இன்னும் ஷார்ஜாவைத் தாண்டவில்லை.