நூற்றிருபதுக்கு எண்பது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சேலையூரில் ஒரு சிறிய நர்சிங் ஹோமின் மாடியில், மருத்துவ உதவியாளர் பயிற்சிக்கு வந்த ஆறு பெண்களுக்கு வகுப்பு எடுத்தேன். ரத்த அழுத்தம் பார்க்கும் முறை எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதில் பிசகுகிறவர்களை அழவைத்துவிட்டுத்தான் விடுவேன்.

தேர்வன்று என் கையையே நீட்டி, அளந்து எழுதச் சொன்னேன். ஐந்து பேர் 120/80 என்று எழுதினார்கள். செல்வி மட்டும் 190/110 என்று எழுதினாள்.

"ஏம்மா, இது என் பிரஷரா, பஸ் நம்பரா?"

எல்லோரும் சிரித்தார்கள். "மூணு வாட்டி பாத்துட்டேன் சார். அப்படித்தான் கீது" என்றாள் செல்வி.

அவள் தவறை நிரூபிக்கவே கீழே டாக்டரிடம் போனேன். அளந்து பார்த்தவர், "சார், முதல்ல படுங்க" என்றார். செல்வி எழுதிய அதே அளவு.

மற்ற ஐவரையும் கட்டிலருகே அழைத்துக் கேட்டேன்.

"எங்களுக்கும் அதேதான் சார் வந்துச்சு. திட்டுவீங்கன்னு நார்மல் போட்டுட்டோம்."

அளவைவிட இந்தப் பதில்தான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. நாளை நோயாளிக்கும் இப்படித்தானே எழுதுவார்கள்? அதைக் கற்றுக்கொடுத்தவன் நான்.

மறுநாள் அந்த ஐவரிடமும் மறுபடி கை நீட்டினேன். அவர்கள் எழுதி முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. எல்லா முறையும் தெரிந்த நான், அதை மட்டும் அன்றுதான் கற்றேன்.